மெர்சி அம்மா

மறுநாள் காலை மகளைப் பல்கலைக்கழக விடுதியில் சேர்க்க வேண்டும் என்பதால், கரூரிலிருந்து முதல் நாளே புதுச்சேரிக்கு வந்துவிட்டோம். அன்று பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளாம். கடற்கரைச் சாலையில் பேண்டு வாத்தியமும் கூட்டமுமாக, உட்கார இடமே இல்லை.

ஒரு பெஞ்சில் மட்டும், கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் வயதான அம்மாள் ஒருவர் தனியாக இருந்தார். பக்கத்தில் யாருக்கோ இடம் பிடித்து வைத்ததுபோல் அவருடைய கைப்பை. எங்களைப் பார்த்ததும் அதை மடியில் எடுத்துக்கொண்டு, கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்தார். உட்கார்ந்த பிறகும் எங்களை எழுப்பி இன்னொரு முறை துடைத்தார். விடுதியில் சேர்க்க வந்திருப்பதைச் சொன்னேன்.

"பொண்ண உட்டுட்டுப் போறீங்களா?"

"ஆமாங்க. பயமா இருக்கு."

"அதுக்கா, உங்களுக்கா?"

வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து வாயே திறக்காத மகள் சிரித்துவிட்டாள்.

அவர் கிளம்பும்போது, பேண்டுச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "உங்க பேரு என்னங்க?" என்றேன். மகளின் கன்னத்தைத் தொட்டு, "மெர்சி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் அவர் எங்களுக்கு மெர்சி அம்மா ஆகிவிட்டார். போன மாதம் மகள் போனில் சொன்னாள். "அப்பா, அது அவங்க பேரு இல்லப்பா. பிரெஞ்சுல மெர்சின்னா நன்றி."

இடம் கொடுத்தவர் அவர், நன்றி சொன்னவரும் அவரே. எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பெயரை மட்டும் நான் மாற்றவில்லை. மெர்சி அம்மா என்று சொல்லும்போதெல்லாம் அன்று சொல்லாமல் விட்டதைச் சொன்னதாகிவிடுகிறது.