பாய்லர்காரருக்கு ஒன்பது செகண்டு ஆவி

என் வீட்டுக்காரர் அப்பாதுரைக்கு ஐம்பத்தேழு வயது. ஜோகுபாளையத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, என்னையும் அதே தெருவில் பார்த்துக் கட்டிக்கொண்டவர். பொம்மசந்திராவில் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தொன்பது வருடமாக பாய்லர் அட்டெண்டன்ட்; இஸ்திரிப் பெட்டிகளுக்கு ஆவி அனுப்பும் பாய்லரைப் பார்த்துக்கொள்கிற வேலை. பரீட்சை எழுதி வாங்கிய சர்டிபிகேட்டை எங்கள் கல்யாண போட்டோவுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், "அதுக்கு ஃபிரேம் பெருசு யசோ" என்பார். வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

பாய்லர்காரருக்கு ஒரே சட்டம்தான். எரிகிற பாய்லரை விட்டு நகரக்கூடாது. உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் வற்றினால் பாய்லர் போச்சு, பக்கத்தில் இருக்கிற ஆளும் போச்சு. இருபத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தண்ணீர் வற்ற விட்டதில்லை என்று கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்க்காமல் சொல்லிப் பெருமையடிப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு அரை மணிக்கு ஒரு தரம் ஒன்றுக்கு வர ஆரம்பித்தது. அவசரம் அவசரமாக ஓடுவார், அங்கே நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் முட்டும். கம்பெனி பஸ் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நின்றுவிட்டால் சாமி பெயரெல்லாம் வரிசையாக வாயில் வருமாம். ஓசூர் ரோட்டில் எந்த பெட்ரோல் பங்கில் கக்கூஸ் திறந்திருக்கும், எந்த ஓட்டலில் கேட்டால் சாவி தருவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கேயாவது விசேஷத்துக்குப் போனால், நான் கேட்காமலேயே, "லெஃப்ட்ல மூணாவது கதவு, தாழ்ப்பா சரியில்ல" என்று தகவல் வேறு தருவார்.

எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, அவருடைய யூனிஃபார்ம் சுத்தமாக வீட்டுக்கு வரும்வரை.

வாரம் முழுக்க டீசலும் கரியும் ஏறி, பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாத சட்டை அது. ஜூன் மாதத்தில் ஒரு வாரம் பார்த்தேன், காலரில் பொட்டு அழுக்கு இல்லை. அவர் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலும் ததும்பத் ததும்பத் திரும்பி வந்திருந்தது.

"ஏங்க, இன்னா நடக்குது? பாய்லருக்கு லீவு வுட்டுட்டாங்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நழுவப் பார்த்தார். நான் விடுகிற ஆளா? வாசல் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். மெதுவாக வந்தது விஷயம். கக்கூஸில் நின்று முக்கிக்கொண்டிருந்தபோது தண்ணீர் குறைந்து அலாரம் அடித்திருக்கிறது. பாய்லர் தானாக அணைந்துவிட்டது. இஸ்திரி போடும் பெண்கள் இருநூறு பேர் ஆறிப்போன பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். மேனேஜர் மஞ்சுநாத் திட்டவில்லை. ஆனால் மறுநாளே இவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்.

"பட்டன் எண்ணினு இருக்கேன் யசோ," என்றார். "ஆயுத பூஜைக்குப் புது பாய்லர் வருது. சீனியர் யாரோ அவன்தான் மொதல்ல பத்த வைக்கணும், அது எங்க கம்பெனி வழக்கம். அது இனி எனக்கு இல்ல."

மாமனார் இறந்தபோதுகூட அழாத மனிதர், அன்றைக்கு அழுதுவிட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. அடிக்கடி போகவேண்டி வருகிறது என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார்! "பாய்லருக்கு மட்டும் தண்ணி வத்தக்கூடாது, உன் ஒடம்பு வத்தினா பரவால்லையா?" என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு 'ங்க' எல்லாம் வராது.

டாக்டரிடம் போகாமல் இருந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டு மதலைமுத்து. அவருக்கு எப்போதோ இதே கோளாறுக்கு, மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியை உள்ளே சுரண்டி எடுத்தார்கள். ரத்தம், பை, டியூப் என்று அவர் சொல்லும் கதை வருடா வருடம் இன்னும் கொஞ்சம் நீளும். அதைக் கேட்டுக் கேட்டு இவர் நடுங்கிப் போயிருந்தார்.

மறுநாளே இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் வீணா என்று போர்டைப் பார்த்ததும் திரும்பி நடந்தார். "லேடி டாக்டர்கிட்ட இத எப்படிடீ சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம், நான் சொல்றேன்" என்று சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். அரைமணி, சொட்டு, சில்க் போர்டு, பட்டன், எல்லாவற்றையும் நானே சொன்னேன். இவர் சீலிங் ஃபேனைப் பார்த்தபடி இருந்தார்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, புற்றுநோய் இல்லை, வயசானால் புராஸ்டேட்டில் வரும் வீக்கம்தான் என்றார்கள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அதில் இவருக்குத் தலை சுற்றியது, படிக்கட்டில் தடுமாறினார். அடுத்த தடவை டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். லேசரில் எடுக்கலாம். சின்னக் கிளிப் போட்டு, அடைக்கிற சதையை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டலாம். அதற்குப் போகிற ரத்தக்குழாயை அடைத்துச் சுருங்க வைக்கலாம். ரொம்பப் பெரிதாக இருந்தால் இதில் சிலது சரிப்படாது, இவருடையது நடுத்தரம்.

"இன்னொண்ணு இருக்குது. வெட்டு, தையல் கிடையாது. உள்ள சின்ன ஊசியால நீராவி விடறது."

இவர் கண் ஃபேனிலிருந்து கீழே இறங்கியது. "ஸ்டீமா? எத்தன டிகிரி மேடம்?"

"நூத்தி மூணு."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு இடத்துக்கு ஒம்பது செகண்டு. உங்களுக்கு நாலஞ்சு இடம்."

"கரெக்ட். ஸ்டீம் சதைல பட்டதும் தண்ணியாவும். ஆவறப்போதான் உள்ள இருக்கற சூட்ட மொத்தமா எறக்கும். அதுக்கு ஒம்பது செகண்டு தாராளம்." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சேஃப்டி வால்வு இருக்குதா?"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்குப் பாடம் எடுத்தவர்கூட இவ்ளோ நல்லா சொல்லல. அப்புறம், தாம்பத்தியத்துக்கும் இதுல பெரும்பாலும் பிரச்சன வராது" என்றார். இவர் உடனே மறுபடி ஃபேனைப் பார்க்கப் போய்விட்டார். நான் பையில் எதையோ தேடினேன்.

ஜூலை முதல் வாரம் காலையில் செய்தார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஐந்து நாள் மூத்திரம் போக டியூப் இருந்தது. எடுத்த பிறகுதான் வந்தது பேஜார். எரிச்சல், முன்னைவிட அவசரம். "இன்னா யசோ, அரைமணி இப்ப கால்மணி ஆயிடுச்சு! பட்டனே எனக்கு கதி" என்று வீட்டை இரண்டாக்கினார். வெந்த சதையை உடம்புதான் மெல்ல மெல்லக் கரைக்கும், முழுசாகச் சரியாவதற்கு மூன்று மாதம்கூட ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

"புது பாய்லர் மொத நாளே ஃபுல் லோடு இழுக்குமா? நீங்க சொன்னதுதான? வாய மூடினு தண்ணியக் குடிங்க" என்றேன். முறைத்தார், ஆனால் குடித்தார்.

ஆகஸ்டு கடைசியில் ஒருநாள் குளியலறையிலிருந்து, "யசோ! ஃபுல் பிரஷர்!" என்று ஒரு கத்தல். எதிர் வீட்டு முத்தம்மா, என்னவோ வெடித்துவிட்டது என்று ஓடி வந்தாள். அவளிடம் நான் என்னவென்று சொல்ல? செப்டம்பரில் பழைய பாய்லரில் ஒரு வாரம் நிற்க வைத்துப் பார்த்தார் மஞ்சுநாத். ஒரு ஷிஃப்டுக்கு மாற்று ஆள் விட்டு இரண்டே தடவைதான் வெளியே போனாராம். சட்டை கரியோடு வந்தது. நான் அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தேன், யார் சிரித்தாலும் பரவாயில்லை.

ஆயுத பூஜையன்று கம்பெனிக்குக் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். புது பாய்லருக்குச் சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம். பூசணிக்காய் உடைத்தாயிற்று. முதல் தடவை மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டுமாம், மூன்று மணி நேரம் ஆகும்.

"ஏன்ரீ அப்பாதுரை, ரெடியா?" என்றார் மஞ்சுநாத், அவருடைய கன்னடம் கலந்த தமிழில். குரலில் கொஞ்சம் பயம்.

இவர் ஒரு லிட்டர் பாட்டிலைத் திறந்து, எல்லார் முன்னாலும் அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தார். மஞ்சுநாத் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பிறகு சூடம் காட்டி, பட்டனை அழுத்திப் பற்ற வைத்தார்.

நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. பொரி, கடலை, மைசூர்பாகு, காபி என்று யார் யாரோ கையில் கொடுத்தார்கள், சாப்பிட்டேன், நகரவில்லை. அவரும் நகரவில்லை. பிரஷர் முள் ஏறி நிற்க வேண்டிய இடத்தில் நின்றதும் வால்வைத் திறந்தார். மேலே இஸ்திரிப் பெட்டிகளுக்கு ஸ்டீம் வந்துவிட்டது என்று பெண்கள் கை தட்டிக் கூச்சல் போட்டார்கள். மஞ்சுநாத் வந்து இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் கரகரவென்று கொட்டியது, சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மணி நேரம், நான் குடித்தது நாலு காபி.

"ஏங்க..." என்றேன் மெதுவாக.

கண்ணாடிக் குழாயிலிருந்து பார்வையை எடுக்காமலேயே கையை நீட்டினார். "லெஃப்ட்ல மூணாவது கதவு யசோ. பயப்படாம போய்ட்டு வா, நான் இங்கதான் இருப்பேன்."