நம்பர் மட்டும் பழசு

பாக்கார் ஆராங் வட்டாரத்தில் யோகேந்திரன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "செவப்புக் காரு அண்ணே" என்றால் வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து தொழிற்சாலையில் சூப்பர்வைசரான மனிதர், நாற்பது வயதில் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே கதவு. வாங்கும்போதே செகண்ட் ஹேண்ட். ஏர்கோன் நினைத்தால்தான் குளிரும். ஏறுவது குழிக்குள் இறங்குவது போல. அவர் மனைவி இரண்டு தடவை ஏறிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டாள்.

அதனால் பக்கத்து சீட் மகள் ஷாமளாவுக்கு ஆனது. எட்டு வயதிலேயே கியர் அவள் பொறுப்பு. அவர் கிளட்சை மிதித்து "மூணு!" என்று கத்துவார், அந்த எஞ்சின் இரைச்சலில் கத்தினால்தான் கேட்கும். அவள் இரண்டு கையாலும் தள்ளுவாள். வளர்ந்து, கல்யாணம் பேசி முடித்ததும், வேலை பார்க்கும் பினாங்கிலிருந்து போன் செய்தாள்.

"கல்யாணத்தன்னிக்குக் கோயிலுக்கு நம்ம காருலதான்பா வருவேன். உங்க பக்கத்துல உக்காந்து. நான்தான் கியர் போடுவேன்."

மனிதர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார்.

அலோர் ஸ்டாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு வரும் நாள் நெருங்க, அவருக்குப் பவுசு தலைக்கேறியது. வாசலில் இந்தப் பழசு நின்றால் என்ன நினைப்பார்கள்? மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெர்கோங்கில் கார் வியாபாரம் செய்யும் நயீமிடம் அதைத் தள்ளிவிட்டு, கறுப்பில் ஒரு சொகுசு செடான் வாங்கினார். கியர் தானே மாறும், கண்ணாடியை ஏற்றினால் உள்ளே ஈ பறப்பதுகூடக் கேட்கும் என்று தெருவெல்லாம் பெருமை. ஊரில் எல்லாரும் செய்வதுபோல் பழைய நம்பரை மட்டும் புதுக் காருக்கு மாற்றிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டாரோ ஒரு பக்கம் நசுங்கிய வேனில் வந்து இறங்கினார்கள்.

"காரு எங்கப்பா?" என்றாள் பினாங்கிலிருந்து வந்திருந்த ஷாமளா.

"நம்பர் அதேதாம்மா, பாரு."

"நம்பர் பக்கத்துலயா நான் உக்காரப் போறேன்?"

மறுநாளே நயீமிடம் ஓடினார். "அந்தக் காரை ஒரு நாளைக்கு மட்டும் வாங்கிக் குடு தம்பி."

"ரெண்டு கை மாறிருச்சுண்ணே. இப்ப அதுக்கு வேற நம்பர். எங்க போய்த் தேடுறது லா?"

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஊர் மெச்சுவதற்காக மகளின் ஒரே ஆசையை விற்றுவிட்டோமே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாலையில் சிவப்பாக எது போனாலும் திரும்பிப் பார்த்தார்.

கல்யாணத்தன்று ஷாமளா பின் சீட்டில், இரண்டு அத்தைமார்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். யோகேந்திரனுக்குப் பக்கத்தில் தாம்பூலத் தட்டு இருந்தது. பச்சை விளக்கு விழுந்து கார் வேகமெடுத்தபோது, அவருடைய இடது கை பழக்கதோஷத்தில் கியர் பக்கம் போனது. அங்கே அதற்கு வேலையில்லை.

"மூணு" என்றாள் ஷாமளா, தனக்குத்தானே, வாய்க்குள்.

ஈ பறப்பதுகூடக் கேட்கும் காரல்லவா, அவருக்கு நன்றாகவே கேட்டது. கார் எப்போதோ மூன்றைத் தாண்டிப் போயிருந்தது.