பூகோளப் படிப்பின் செலவு

அன்று மாட்டுக் கொட்டகைப் பக்கம் இருந்தவர்கள் இவர்கள். அப்பா. அம்மா. வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை எடை போடும் மாமா, அம்மாவுக்கு அண்ணன். காஞ்சிபுரத்தில் காலேஜ் முதல் வருஷம் முடித்திருந்த அக்கா. நான். அப்புறம் எங்கள் கிடாரிக் கன்று. அதையும் சேர்க்க வேண்டும். பேச்சே அதைப் பற்றித்தான்.

கிடாரியை விற்றால் அக்காவின் இரண்டாம் வருஷத்துக்கு ஆகும். விற்கலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. வைத்திருந்தால் கன்று போடும், பால் கறக்கும். அக்காவின் படிப்பு என்ன கறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்கா படித்தது பூகோளம். அவள் கேட்டது வேறு. அவள் மார்க்குக்கு மிச்சமிருந்த சீட்டு அதுதான். ஆனால் ஒரு வருஷத்தில் அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. சோற்றில் விரலால் மேடு பள்ளம் செய்து, ரசம் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குக் காட்டுவாள்.

மாமா ஊரில் விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

"நர்சுக்குப் படிச்சா ஆஸ்பத்திரில வேல. டீச்சருக்குப் படிச்சா ஸ்கூல்ல வேல. பூகோளம் படிச்சா இன்னா வேலன்னு கேட்டேன் மாப்ள. ஒருத்தனும் வாயத் தொறக்கல."

"மேப்பு வரையலாம் மாமா. இப்ப கம்ப்யூட்டர்லயே வரையறாங்க. மெட்ராஸ்ல அதுக்குக் கம்பெனிங்க கீதாம்," என்றாள் அக்கா.

"மேப்பு பொட்டிக் கடையில எட்டணாக்கு விக்குது. அத்த வரைய மூணு வருசமா?"

அது உண்மை. நானே பரீட்சைக்கு வாங்கியிருக்கிறேன்.

அப்பா அதிகம் பேசமாட்டார். வைக்கோலைப் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். "நிலம் அளப்பியா?" என்றார்.

எங்கள் ஊரில் மேப்பு என்றால் நிலத்து மேப்புதான். உலகத்துக்கும் மேப்பு உண்டு என்பது பள்ளிக்கூடத்தோடு சரி. டேப்பு பிடித்து அளக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சர்வேயரு வூட்டுலயே கீது. இத்தினி நாளு தெரியாம பூட்ச்சே."

ஏரிக்குக் கீழே எங்கள் நிலமும் பெரியப்பா நிலமும் ஒட்டி இருந்தன. நடுவில் ஒரே வரப்பு. பெரியப்பா அதைத் தள்ளித் தள்ளிப் போட்டு எங்கள் நிலத்தைத் தின்கிறார் என்பது அப்பாவின் கட்சி. அதனால் இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை.

அப்பா சொன்னார்: "எவ்ளோ போயிருக்குதுன்னு காட்டு. நான் கிடாரிய ஓட்டிக்கினு போயி வித்துட்டு வரேன்."

அறுப்பு முடிந்து நிலம் காய்ந்திருந்தது. அக்கா கிராம வரைபடத்தின் நகலை வைத்துக்கொண்டு முதலில் பழைய சர்வே கற்களைத் தேடினாள். ஒன்று நொச்சிப் புதருக்குள் கிடைத்தது. மண்ணுக்குள் புதைந்திருந்த மற்றொன்றின் தலையை அப்பா மண்வெட்டியால் மண்ணைச் சீவி வெளியே காட்டினார். டேப்பின் ஒரு முனை என் கையில். பெரியப்பா தன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா பாப்பா, ரோடு போட்றீங்களா?"

"அக்கா மேப்பு போட்றா."

"போடட்டும், போடட்டும். எங்க வூட்டாண்ட பஸ் ஸ்டாப்பு ஒண்ணு போடச் சொல்லு."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அக்கா ஒரு முறை அளந்து எழுதினாள். எழுதியதை வெகுநேரம் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து அளந்தாள். வீட்டுக்கு வந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வரைந்து முடித்து, காகிதத்தை அப்பா முன்னால் வைத்தாள்.

"நம்மது போவல நைனா. அவங்கதுதான் நம்மகிட்ட வந்துகீது."

யாரும் திருடவில்லை என்றாள். நடவுக்கு முன்னால் சேறு கலக்கிச் சேடை ஓட்டும்போதெல்லாம் அப்பா எங்கள் பக்கத்து வரப்பைச் சுத்தமாகச் சீவுவார். வரப்பு மெலிந்து தண்ணீர் ஒழுகக்கூடாதே என்று பெரியப்பா தன் பக்கத்தில் சேற்றை அள்ளி அப்புவார். வருஷா வருஷம் இப்படியே. வரப்பு நடந்து நடந்து அவர் பக்கம் போயிருக்கிறது.

மாமா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "ஒரு கோடுதான. கொஞ்சம் அப்பால தள்ளிப் போடு."

"கல்லு அங்கதான கீது மாமா. கோட்ட மட்டும் எங்க தள்றது?"

"அப்ப ரெண்டுல ஒண்ணு மாப்ள. மேப்பு தப்புன்னா இவ படிச்சது வேஸ்ட்டு, நிறுத்திட்டு மாப்பிள்ள பாரு. சரின்னா நிலத்த வுட்டுடு. நான் சொல்றதச் சொல்ட்டேன்."

அக்கா தலை குனிந்து நின்றாள். பென்சிலை மட்டும் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை.

"ரெண்டு தபா அளந்தியா?" என்று அப்பா கேட்டார்.

"அளந்தேன்."

அவர் எழுந்து கொட்டகைக்குள் போய்விட்டார்.

நான் அம்மாவிடம், "நாம ஜெயிச்சமா?" என்று கேட்டேன்.

"கம்முனு கிட," என்றாள் அம்மா.

அந்த வாரமே கிடாரி சந்தைக்குப் போயிற்று. அக்கா புதுப் பையோடு காலேஜ் போனாள். ஏரி மதகு திறந்து நிலத்துக்குத் தண்ணீர் வந்த அன்று, அப்பா கல்லுக்குக் கல் கயிறு கட்டி, பழைய வரப்பை வெட்டி, கயிற்றோரமாகப் புது வரப்பு போட்டார். கூட ஆள் வைத்துக்கொள்ளவில்லை. நான் மோர் கொண்டுபோயிருந்தேன். பெரியப்பா வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாடா பண்ற?" என்றார் கடைசியில்.

"பொண்ணு மேப்பு போட்டுது. சரியாத்தான் கீது."

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, தன் பக்கத்தில் சேறு அப்ப ஆரம்பித்தார்.

விஷயம் கேள்விப்பட்டு மாமா வந்து தலையில் அடித்துக்கொண்டார். கிடாரியும் போச்சு, நிலமும் போச்சு என்றார். எனக்கும் அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்த அப்பாவோ அன்று இரண்டாம் முறை சோறு போடச் சொன்னார். வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவேண்டும் என்றார். தோற்றவர் எதற்கு இப்படிச் சிரித்த முகமாக இருக்கிறார் என்று எனக்குக் குழப்பம். காலேஜிலிருந்து வந்த அக்காவிடம் போய், எவ்வளவு போயிற்று என்று மட்டும் கேட்டேன்.

ஒன்றே முக்கால் சென்ட்.