கணக்கு டீச்சரின் எழுபத்தெட்டுச் சீட்டுகள்

ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் ஒரு மனிதனின் படம். தொங்குகிறவனின் முகத்தில் வலியே இல்லை. ஆசிரியர் ஓய்வறை மேசையில், என் தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டை வைத்துவிட்டு, கணக்கு டீச்சர் எங்கள் தையல் டீச்சரிடம், “இதப் பாத்தா ஒங்களுக்கு யாரு ஞாபகம் வர்றாக?” என்று கேட்டார். ஐந்தே நிமிடத்தில் தையல் டீச்சர் அழுதுகொண்டிருந்தார். பன்னிரண்டு வருடங்களாக அவர் தன் கஷ்டத்தை என்னிடம்தான் சொல்லி வந்திருந்தார். என் எதிரில் ஒருநாளும் அழுததில்லை.

கணக்கு டீச்சர் தேவதானப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட எட்டு வயது இளையவர். கொச்சியில் இருக்கும் அவருடைய அக்கா கொடுத்த, படம் பார்த்துக் குறி சொல்லும் டாரட் சீட்டுக்கட்டை ஒரு மஞ்சள் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்திருப்பார். காசு வாங்கமாட்டார். தேனியில் நாங்கள் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் அதுவரை மதிய இடைவேளையில் எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டது என் மேசைப் பக்கம். வரலாறு டீச்சரான என்னிடம் கேட்டால் நல்ல வழி சொல்வேன் என்று ஒரு பேச்சு இருந்தது. கணக்கு டீச்சர் வந்து ஒரு பருவம் முடிவதற்குள் நாற்காலிகளெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. நான் விடைத்தாள் திருத்துவதாகப் பாவனை செய்தபடி காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த வருடம் என் மகளுக்குத் தேவாரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஏலத்தோட்டம் உள்ள குடும்பம். பூ வைக்க நாள் குறித்த பிறகு, ஒரு மாலை அவள் அடுப்படி வாசலில் நின்று, “அம்மா, இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்” என்றாள். திகைத்துப்போய், யாரிடம் பேசினாய் என்று கேட்டேன். கணக்கு டீச்சரிடம் என்றாள். பள்ளி விட்டதும் என்னை அழைத்துப்போக ஸ்கூட்டியில் வருகிறவள், நான் மீட்டிங்கில் இருந்த நாட்களில் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். “அவுக ஒண்ணும் சொல்லல. வீட்ல நீயே சொல்லுன்னுதேன் சொன்னாக” என்றாள்.

“எங்கிட்ட ஏன்டி மொதல்ல சொல்லல?”

“நீ கேட்டியாம்மா?”

அன்றிரவு டாரட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மறுநாள் ஓய்வறையில் எல்லார் முன்னிலையிலும், வகுப்பெடுப்பதுபோல் எழுந்து நின்று சொன்னேன். அறுநூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் பணக்காரர்கள் பொழுதுபோக்க ஆடிய சீட்டாட்டம் இது. குறி பார்ப்பதெல்லாம் வெகுகாலம் கழித்துப் பிரான்சில் பரவிய பழக்கம். எகிப்திலிருந்து வந்த ரகசியம் என்று அங்கே ஒருவர் ஆதாரமில்லாமல் எழுத, ஊரே நம்பியது. இப்போது எல்லார் கையிலும் இருக்கிற படங்கள் லண்டனில் ஒரு பெண் வரைந்தவை. அவற்றுக்கு நூற்றுச் சொச்சம் வயதுதான். என் குரல் நடுங்கியது. வரலாறு பேசும்போது எனக்குக் குரல் நடுங்குவதில்லை.

கணக்கு டீச்சர் முழுவதையும் கேட்டார். “ஆமா டீச்சர், வெளையாட்டுச் சீட்டுதேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது. படத்தக் காமிச்சு ஒரு கேள்வி கேட்டா, வர்றவுகளே எல்லாத்தையும் சொல்லிர்றாக. அம்புட்டுத்தேன்” என்றார். பிறகு தமிழ் ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரிம்மா, எனக்கு எப்பப் பாப்பீக?” என்றார்.

சம்பந்தம் நின்றது. மகள் மதுரையில் வேலைக்குப் போனாள். கணக்கு டீச்சர் பெரியகுளத்துக்கு மாற்றலாகிப் போனபோது, பிரிவுபசார விழாவில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இந்தச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, “பாப்பா ஒங்ககிட்டச் சொல்லிட்டாளா டீச்சர்?” என்றார். எதைப் பற்றி என்று எனக்குத் தெரியாது. “சொன்னாளே” என்றேன். வீடு வரும்வரை போனைப் பையிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மகள் போன் செய்தாள். கூட வேலை செய்கிற ஒருவரைப் பிடித்திருக்கிறதாம். எந்த ஊர், என்ன ஆட்கள், எவ்வளவு சம்பளம் என்று நாக்கு நுனியில் கேள்விகள் வரிசையாக நின்றன. விழுங்கிவிட்டு, “அவரப் பாத்தா ஒனக்கு என்னடி தோணுது?” என்று மட்டும் கேட்டேன்.

அவள் சிரித்தாள். “என்னம்மா, கணக்கு டீச்சர் மாதிரியே கேக்குற!”

சுருக்கென்று குத்தியது. குத்தினால் குத்தட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள்.