வெர்னா வீட்டுத் தண்ணீர்க் கோடு

ஊரின் பெயர் ஓரூரு. பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரியாதுதான், ஆனாலும் பொருத்தமாக வைத்துவிட்டார்கள். நாலு திசையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வேறு ஊர் கிடையாது. தெற்கு ஆஸ்திரேலியாவின் இந்தப் பக்கத்தில், நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால், அரசாங்கத்து நில அளவைக்காரர் ஒருவர் குதிரையிலேயே சுற்றிப் பார்த்துவிட்டு வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குத் தெற்கே கோதுமை விளையும், வடக்கே மழையை நம்பிப் போகாதீர்கள் என்றார். நாலு வருஷம் நல்ல மழை பெய்ததும் ஜனங்கள் அவரைக் கிறுக்கன் என்று சொல்லிவிட்டு வடக்கே போய்க் கல்வீடு கட்டினார்கள். அந்த வீடுகள் இன்றைக்கும் நிற்கின்றன. கூரை கிடையாது, ஆள் கிடையாது.

அதில் ஒன்றைத்தான் வெர்னா பாஸ்கோ 1991-ல், ஒரு பழைய காரின் விலைக்கு வாங்கினாள். அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் குவீன்ஸ்லாந்துக்குப் போன மறு வருஷம் அது. அவன் திரும்பி வரவில்லை, இவளும் கூப்பிடவில்லை. வீட்டுக் கூடத்தில் செம்மறியாடுகள் படுத்திருந்தன. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர் டெஸ் ஹன்னாஃபோர்ட் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"என்ன வெர்னா, கூரையே இல்லாத வீட்டுல குடியிருக்கப் போறியாமே. மழை வந்தா என்ன பண்ணுவ?"

"மழையா? மொதல்ல அது வரட்டும், டெஸ்."

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வருவாள். மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி பஸ்ஸை எடுக்கும்வரை கல் சுமப்பாள். சரிந்து கிடந்த சுவரின் கல்லை எடுத்து அதே சுவரில் வைத்தாள். சிமென்ட் பூசினால் இந்தக் கல் மூச்சுவிடாது என்று யாரோ சொல்ல, சுண்ணாம்பு குழைத்துப் பூசினாள். ஒரு சுவர் இரண்டு தடவை சரிந்தது. மூன்றாம் தடவை நின்றது. இதையெல்லாம் சொல்லும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது. அந்தச் சுவரின் கனம் அரை மீட்டர் என்பதையும், தூக்கியது ஒரே ஒருத்தி என்பதையும் சேர்த்து நினைத்தால் எனக்கு இன்றும் வாயடைத்துப் போகிறது.

மூன்றாம் வருஷம், பின்கட்டில் கல் நிறைந்த தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகையில், சக்கரம் பொசுக்கென்று மண்ணுக்குள் இறங்கியது. தோண்டிப் பார்த்தாள். செங்கல் வளைவு ஒன்று, அதன் நடுவே கையகல ஓட்டை. ஒரு கூழாங்கல்லைப் போட்டால் சத்தம் வரத் தாமதமானது. ஓட்டையை ஆள் நுழையும் அளவுக்கு அகலமாக்கி, ஏணி விட்டு டார்ச்சோடு இறங்கினாள்.

அடியில் நின்று மேலே வெளிச்சம் அடித்தாள். ஐந்து மீட்டர் ஆழத்தில் வட்டமான பெரிய தொட்டி. உச்சிவரை வளைந்து கூடும் செங்கல் கூரை, அந்த ஓட்டையைத் தவிர ஒரு கல்கூடப் பிசகவில்லை. வீட்டுக் கூரையில் விழும் ஒவ்வொரு துளியும் கல்வாய்க்கால் வழியே இங்கே வந்து சேரும்படி செய்திருந்தார்கள். சுவரின் பூச்சில், ஆணியால் கீறிய படுக்கைக் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வருஷம். 1877, 1878, 1879. கோடை முடியும்போது தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று யாரோ வருஷந்தோறும் இறங்கிக் குறித்திருக்கிறார்கள். சில வருஷம் தோள் உயரம், சில வருஷம் முழங்கால். கடைசிக் கோடு அவள் கணுக்காலுக்குக் கீழே இருந்தது, 1896. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

அந்தத் தொட்டியின் தரையில் உட்கார்ந்து வெர்னா வாய்விட்டு அழுதாள். முகம் தெரியாதவர்களுக்காக அழுதாள். அன்றைக்குத்தான் இந்த வீட்டை நாம் வாங்கவில்லை, இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்திருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது.

கூரை போட்டாள், விரிசலை அடைத்தாள், வாய்க்காலைச் சுத்தம் செய்தாள். 1995 மார்ச் முடிவில், பழைய கோடுகளுக்குப் பக்கத்தில் தன் முதல் கோட்டைக் கீறினாள்.

தோட்டம் அந்தத் தண்ணீரில் வந்தது. வேலிக்கு வெளியே செம்மண்ணும் உப்புப் புதரும்தான். கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர். வேலிக்கு உள்ளே நாலு அடுக்காகக் கல் வரப்பு, அத்தி, மாதுளை, முசுக்கட்டை, சீமை மாதுளை, பாத்திரம் கழுவிய தண்ணீரில் பூத்த மஞ்சள் ரோஜா. குளித்த தண்ணீர் ஒலிவ மரத்துக்கு, காய்கறி அலசிய தண்ணீர் கீரைக்கு. முப்பது வருஷம் அவள் ஒரு குவளையைக்கூடச் சும்மா சாக்கடைக்கு அனுப்பியதில்லை. டெஸ் கிண்டலை எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த ரோஜாவுக்கு முன்னால் நின்றார். பிறகு திரும்பிப் போனார்.

இப்போது வெர்னாவுக்கு எழுபத்துமூன்று. போன கோடையில் கூரை வாய்க்கால் சுத்தம் செய்யும்போது ஏணியிலிருந்து விழுந்தாள். முட்டி இரண்டும் போயின. பிரி என்ற துறைமுக நகரில் இருக்கும் தங்கை, "போதும், என் பக்கத்துல வந்து இரு" என்றாள். வீட்டை விற்றாக வேண்டும். விற்பதில் அவளுக்குப் பயமில்லை. வாங்குகிறவர் கையில் இந்த வீடு மறுபடி ஆட்டுக்குப் போய்விடுமோ என்பதுதான் பயம். இந்தத் தோட்டத்தைக் கொல்ல இரண்டு கோடை போதும்.

வீட்டு ஏஜென்ட் கெர்ரி, ஐம்பது வயது, தெற்கே கிளேர் டவுனிலிருந்து வந்தவள், சரளையில் குதிகால் செருப்போடு தள்ளாடுவாள். விளம்பரத்தில் 'தண்ணீருக்குப் பஞ்சமில்லை' என்று எழுதியிருந்தாள். வெர்னா அதைப் பேனாவால் அடித்தாள்.

"பஞ்சமில்லன்னு உனக்கு யாரு சொன்னா? பஞ்சத்துலதான் இது வளந்துச்சு."

"வெர்னா, அப்பிடி எழுதினா ஒருத்தரும் வர மாட்டாங்க."

"வராதவங்க வரவே வேணாம்."

மார்ச் கடைசி சனிக்கிழமை, பதினொரு மணிக்கு, வாங்க நினைப்பவர்கள் பார்க்கட்டும் என்று வீட்டைத் திறந்து வைத்தார்கள். அந்த நேரத்தில் சொந்தக்காரர் அங்கே இருக்கக் கூடாது என்பது கெர்ரியின் சட்டம். வெர்னா பழைய தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு ரோஜாச் செடிக்குக் கீழே குந்தினாள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அவளைத் தோட்டக்காரி என்றே நினைத்தார்கள், அதிலும் பொய்யில்லை.

சுற்றுவட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் வாங்க வரவில்லை, பார்க்க வந்தார்கள். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடந்தார்கள். உள்ளே போனவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். சுவரில் உள்ளங்கையை வைத்துவிட்டு, "குளுகுளுன்னு இருக்குப்பா" என்று ஒரு பெரியவர் சொன்னார்.

அடிலெய்டிலிருந்து ஒரு தம்பதி, ஹியூவும் பிலிப்பாவும். பிலிப்பா மாதுளை மரத்தடியில் நின்று கண் கலங்கினாள், அது நடிப்பு அல்ல. ஹியூ அத்திப்பழம் பறித்த கையில் ஒட்டிய பாலைக் கழுவத் தோட்டக் குழாயைத் திறந்தான். கைபேசி அடித்தது. தண்ணீர் ஓட ஓட அவன் பேசிக்கொண்டே நின்றான். வெர்னா மனதுக்குள் வாளிகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் எழுந்து, முட்டி வலியோடு நடந்து போய்க் குழாயை மூடினாள்.

"ஓ, தேங்க்ஸ்," என்றான் அவன். "இந்தத் தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு எத்தன தடவ தண்ணி விடுவீங்க?"

"நான் விடுறதில்ல. வீடுதான் விடுது."

அவன் புரியாமல் சிரித்தான். கல் வரப்பின் இரண்டாம் அடுக்கில் நீச்சல் குளம் நன்றாக இருக்கும் என்று மனைவியிடம் கையை நீட்டிக் காட்டினான்.

பதினொன்றே முக்காலுக்கு எல்லோரும் போனார்கள். கெர்ரி முகமெல்லாம் பல்லாக வந்தாள். "வெர்னா, அடிலெய்டுக்காரங்க கேட்ட வெலைய அப்பிடியே குடுக்கறாங்க. திங்கக்கெழமை கையெழுத்து." வெர்னா குனிந்து ரோஜாவின் அடிமண்ணைக் கிளறினாள். கெர்ரி வீட்டைப் பூட்டுவதற்கு முன் ஒரு சுற்று போனாள், மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள்.

"இந்த ஊருக்காரங்களுக்கு நாகரிகமே இல்ல. பாக்க வந்த வீட்டுல யாரோ டாய்லெட் போயிருக்காங்க. போனதுதான் போனாங்க, ஃப்ளஷ் பண்ணாமயே போயிருக்காங்க."

வெர்னா தலையை நிமிர்த்தினாள். "என்னது?"

"சின்னதுக்குத்தான். இருந்தாலும். மூடிய மட்டும் அழகா சாத்தி வெச்சிருக்கு."

வெர்னா உள்ளே போனாள். வாஷ்பேசினில் அடைப்பானைப் போட்டு அடைத்திருந்தது. கை கழுவிய சோப்புத் தண்ணீர், ஒரு குவளை அளவுக்கு, வீணாகாமல் அதில் நின்றது. அவள் குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வீட்டில் இதுவரை எத்தனையோ பேர் தோட்டத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள். இப்படி ஒரு மரியாதையை யாரும் செய்ததில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"யாரு கெர்ரி அது?"

கெர்ரி பெயர்ப் பட்டியலைத் தேடும்போதே வாசலில் புழுதியோடு ஒரு கார் வந்து நின்றது. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள், முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. ஜனீன் டக்கெட், ஊருக்குப் புதிதாக வந்த நர்ஸ். நியூ சவுத் வேல்ஸின் மேற்கு மூலையில், ஒரு செம்மறிப் பண்ணையில் வளர்ந்தவள்.

"மன்னிச்சுக்கோங்க," என்றாள். "இருபது கிலோமீட்டர் போனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுலேர்ந்து மழைத் தொட்டித் தண்ணிதான், சின்னதுக்கெல்லாம் தண்ணி விடவே மாட்டோம். கை தானா அப்பிடியே விட்டுருச்சு. அசிங்கமா போச்சு. உள்ள போயி ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

"ஒண்ணும் பண்ண வேணாம்," என்றாள் வெர்னா. "ஏன் வீடு பாக்க வந்தே?"

"சும்மாதான். என்னால வாங்க முடியாதுங்க. தெனமும் இந்தப் பக்கமா போறப்ப, இந்த மண்ணுல இது எப்பிடி நிக்குதுன்னு மண்டைய உடைச்சுக்குவேன். ஒரு தடவ உள்ள பாத்துடணும்னு தோணுச்சு."

"எப்பிடி நிக்குதுன்னு கண்டுபிடிச்சியா?"

"இல்ல. தொட்டி எங்க வெச்சிருக்கீங்கன்னே தெரியல."

வெர்னா அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் மரமூடியைத் தூக்கச் சொன்னாள். சில்லென்ற காற்று முகத்தில் அடித்தது. ஜனீன் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். டார்ச் வெளிச்சம் வளைவில் ஓடியது, கீழே தெளிந்த தண்ணீருக்குள் அடிவரை இறங்கியது, தண்ணீருக்கு மேலும் கீழும் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"பழைய கோடு ஆயிரத்தி எண்ணூத்தித் தொண்ணூத்தாறோட நிக்குதே, அதுக்கு மேல?" என்று கடைசியில் கேட்டாள். குரல் தொட்டிக்குள் போய்த் திரும்பி வந்தது.

"போயிட்டாங்க."

"அந்தக் கடைசிக் கோட்டப் போட்டவங்க," என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெர்னா தன் மேலங்கிப் பையிலிருந்து நீளமான பழைய ஆணி ஒன்றை எடுத்தாள். "கோடை முடிஞ்சுருச்சு. இந்த வருஷக் கோட்ட நான் இன்னும் போடல. என் முட்டி எறங்காது. நீ எறங்குவியா?"

"நானா?"

"சுவத்துல இரும்புப் படி அடிச்சு வெச்சிருக்கேன். பன்னெண்டாவது படியில நின்னா தண்ணி எட்டும். கோட்ட நேரா போடு. பக்கத்துல வருஷம் மட்டும் எழுது, பேரெல்லாம் யாரும் எழுதறதில்ல."

ஜனீன் செருப்பைக் கழற்றினாள். ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினாள். வெர்னா தரையில் குப்புறப் படுத்து டார்ச்சைப் பிடித்தாள். கெர்ரி குதிகால் செருப்போடு பின்னால் வந்து நின்றாள், கையில் போன்.

"வெர்னா, அடிலெய்டுக்காரங்களுக்குப் பதில் சொல்லணும்."

"வீடு வித்துப் போச்சுன்னு சொல்லு."

"யாருக்கு? வெலையே பேசலையே."

"கீழ இருக்காளே, அவளுக்கு. அவளால எவ்வளவு முடியுமோ அதுதான் வெல."

கீழே இருந்தவளுக்கு இது கேட்கவில்லை. சுண்ணாம்பில் ஆணி கீறும் சத்தம் மட்டும் வளைவு முழுக்க நிறைந்து மேலே வந்தது. பிறகு அது நின்றது.

"வெர்னா," என்று தொட்டிக்குள்ளிருந்து ஜனீன் கூப்பிட்டாள். "போன வருஷத்த விட நாலு விரல் கொறைஞ்சிருக்கு. குளிக்கிற தண்ணியக் கொஞ்சம் கொறைக்கணும் நாம."