மகள் நிறுத்தி வைத்த காட்சி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஓர் ஆட்டுக்கு எத்தனை முறை தண்ணீர் காட்டலாம்? மூன்று வாரம் முன்பு நான் மூன்று முறை காட்டினேன். மூன்றாவது முறை ஆடு வாளியைப் பார்க்கவில்லை... என்னைப் பார்த்தது.

ஆட்டுக்குத் தாகமெல்லாம் இல்லை. வீட்டுக்குள் டிவியில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. நான், மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் — மூவரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். படத்தில் ஒரு பிள்ளை பெரிய மனுஷியாகிவிட்டாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டதும் நான் எழுந்துவிட்டேன். திரும்பி வந்த இரண்டு முறையும் அதே பேச்சுதான் ஓடியது; மறுபடியும் வாளியைத் தூக்கினேன்.

முதுகுளத்தூர் வட்டாரத்தில் இது எனக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. டிவியில் கூச்சமான காட்சி வந்தால் பாதி ஆண்கள் வெளியே வந்துவிடுவோம். பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்ட மிளகாயைக் கிளறுவார். எதிர்வீட்டுக்காரர் பைக்கைத் துடைப்பார். எனக்கு ஆடு. என்ன விஷயம் என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை — எல்லார் வீட்டிலும் அதே சேனல்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதுவரை இதெல்லாம் பாடத்தில் வரவில்லை. பிறகும் யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே டிவியில் எத்தனை கொலை பார்த்திருப்போம்? சீரியலில் மருமகள் குடிக்கும் பாலில் விஷம் கலக்கிறார்கள். அவள் குடிப்பாளா மாட்டாளா என்று குடும்பத்தோடு காத்திருக்கிறோம். அரிவாளைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வந்தால் ஒருவரும் எழுவதில்லை. நாப்கின் விளம்பரத்தில் கொஞ்சம் நீலத் தண்ணீரை ஊற்றினால்... ஓடிவிடுகிறோம். ரத்தத்துக்குப் பயப்படாதவன் நீலத் தண்ணீருக்குப் பயப்படுகிறான். என்ன வீரமோ.

மூன்றாவது முறை நான் உள்ளே வந்தபோது டிவியில் படம் அசையாமல் நின்றது. கரன்ட் போய்விட்டதா என்று கேட்டேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"நிறுத்தி வச்சிருக்கேன்யா," என்றாள் மகள். "நீங்க உக்காருங்க. பெறகு போடுறேன்."

அங்கேதான் மாட்டினேன். முன்பெல்லாம் நாம் வெளியே போய்விட்டு வருவதற்குள் காட்சி முடிந்திருக்கும். இப்போது போனிலிருந்து டிவிக்குப் படம் போடுகிறார்கள். நான் எவ்வளவு நேரம் வெளியே நின்றாலும் காட்சி எனக்காகக் காத்திருக்கும். விஞ்ஞானம் ஒரு மனிதனை இப்படியா பழிவாங்குவது?

"எம்புட்டு நேரந்தான் ஆட்டோட நிப்பீக?" என்றாள் மனைவி. "இந்தப் படத்த உங்களப் பாக்க வைக்கணும்னு புள்ள ஒரு வாரமாத் தவங் கெடக்கு."

உட்கார்ந்தேன். படத்தில் பூப்புச் சடங்கு நடத்தும் வீட்டார் ஊர் முகப்பில் பெரிய பேனர் கட்டுகிறார்கள். அதில் பட்டுச்சேலையோடு அந்தப் பிள்ளையின் போட்டோ. கூடப் படிக்கும் பையன்கள் அதைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார்கள். மறுநாள் விடியும் முன்பு அவளே சாணியைக் கரைத்து எடுத்துவந்து, பேனரில் இருக்கும் தன் முகத்தில் அடிக்கிறாள்.

மகள் மறுபடியும் படத்தை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மாமா கட்டப்போற பேனர் எனக்கு வேணாம்யா."

விஷயம் இதுதான். மகளுக்குச் சடங்கு வைக்க நாள் குறித்தாயிற்று. சிக்கல் என்கிற ஊரில் இருக்கும் என் மனைவியின் அண்ணன்தான் தாய்மாமன். சீர் கொண்டு வருகிறார். எங்கள் பக்கம் தாய்மாமனின் கௌரவம் சீர்த் தட்டிலும் தெரிய வேண்டும், பேனரிலும் தெரிய வேண்டும். மச்சான் டிசைனை முன்பே போனில் அனுப்பியிருந்தார். நடுவில் மகள், தலையில் கிரீடம். இரண்டு பக்கமும் மயில். மேலே கூலிங் கிளாஸோடு மச்சான். சுற்றிலும் தபால்தலை அளவில் சொந்தக்காரர்கள். நானும் ஒரு தபால்தலை.

கட்டப்போகும் இடம், மகள் தினமும் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறும் ஸ்டாப். அவளோடு படிக்கிற அத்தனை பேரும் நிற்கிற இடம்.

அப்பனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு படத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அந்த அப்பன் வாளியோடு வெளியே நின்றிருக்கிறான்.

சரி... மச்சானிடம் யார் சொல்வது? இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் பேசியதெல்லாம் 'வாங்க மச்சான்', 'சரி மச்சான்', 'சாப்பிடுங்க மச்சான்'. அதனால் நானும் மகள் வழியிலேயே போனேன். படத்தை அவருக்கு அனுப்பச் சொன்னேன். 'கட்டாயம் பாருங்க மச்சான்' என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"படம் பாத்தேன் மாப்ள. நல்ல படம். அதுல வச்ச பேனரு நம்மளுதவிடப் பெருசு, கவனிச்சீகளா? நம்மளும் பத்துக்கு இருபதாப் போட்டுருவோம்."

ஒரே படம்தான். மகள் கண்ணில் சாணி பட்டது, மச்சான் கண்ணில் சைஸ் பட்டது. படம் எடுக்கிறவர்கள் ஊருக்குக் கருத்துச் சொல்லிவிட்டதாக நிம்மதியாக இருப்பார்கள். பாவம், எங்கள் மச்சானை அவர்களுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை பேனர் கட்ட ஆள் வரும் என்றார். மகள் அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்குப் பிடிக்கல மச்சான்," என்றேன். "ரோட்டுல தன் போட்டோ வேணாங்குது."

மச்சான் ஒரே மூச்சில் கேட்டார். தங்கச்சி மகளுக்குச் செய்ய நான் யாரிடம் கேட்க வேண்டும்? சிக்கலில் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள்? ஒரு பேனருக்கு வக்கில்லாத தாய்மாமன் என்று சொல்ல மாட்டார்களா? அவர் குரல் கம்மிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மகள் இன்னும் அங்கேயே நின்றாள்.

"பேனர் கட்டுங்க மச்சான்," என்றேன். "புள்ள படம் மட்டும் வேணாம். உங்க படத்தப் போடுங்க."

"என் படம் மட்டுமா?"

"ஆமா மச்சான்."

அவர் குரல் தெளிந்துவிட்டது.

"பத்துக்கு இருபதுலயா?"

"உங்க இஷ்டம் மச்சான்."

வியாழக்கிழமை பேனர் ஏறியது. 'அனைவரையும் வருக வருக என வரவேற்கும் தாய்மாமன்.' நடுவில் கூலிங் கிளாஸோடு மச்சான். கிரீடத்தை எடுத்துவிட்டார்கள், மயிலை அப்படியே விட்டுவைத்தார்கள். மகள் படமும் இல்லை, பெயரும் இல்லை. திருப்புல்லாணிப் பக்கம் போகிற ஒருவர் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி, இவருக்கு அறுபதாம் கல்யாணமா என்று விசாரித்தாராம்.

சடங்கு நல்லபடியாக முடிந்தது. இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னாள். போடவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவளை பஸ் ஏற்றிவிட நானும் போனேன். எட்டு மணிக்கே வெயில் சுட்டது. கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் பேனருக்குப் பின்னால் கூட்டமாக நின்றிருந்தார்கள். மகளும் அவர்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"பத்துக்கு இருபதுன்னா நல்ல நெழலுய்யா."