ஆன்டிபாடி கூடியவர் மரத்தில் இருந்தார்

1. மொளகு பறிக்கும் நோயாளி

எங்கள் ஜீப் போய் நின்றபோது நோயாளி சில்வர் ஓக் மரத்தின் மேல் இருந்தார்.

"ஏனுங்க பொன்னுசாமி, எறங்கி வாங்க. கீழ ஆஸ்பத்திரியில டாக்டர் காத்துட்டிருக்காரு."

"கொஞ்சம் மொளகு பறிச்சுட்டு வாரேனுங்கம்மா. நீங்க முன்னால போங்க."

மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடி அப்போதுதான் பூ விட்டிருந்தது. பறிப்புக்கு இன்னும் பல மாதம் கிடந்தது. பொய் சொல்வதாக இருந்தாலும் பருவம் பார்த்துச் சொல்ல வேண்டாமா? அன்று அந்த ஜீப்பில் யார் ஏறுவது என்பதில் ஓர் உயிர் மாட்டிக்கொண்டிருந்தது. அது பொன்னுசாமியின் உயிர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நான் லேப் டெக்னீஷியன். அரசு வேலையில் ரிட்டயர் ஆன பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்கு ரத்தம் எடுத்துத் தரும் வேலையில் சேர்ந்து கொல்லிமலை ஏறினேன். மலையில் திண்ணனூர் நாடு என்று சொல்கிற பகுதியில் எனக்கு ரத்தக்காரம்மா என்று பெயர். என்னைக் கண்டால் குழந்தைகள் அழும், ஆண்கள் ஓடுவார்கள், பெண்கள் கையை நீட்டுவார்கள்.

2. முதல் மார்க்

வேலை இதுதான். ஈ.பி.வி. என்று ஒரு வைரஸ் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடும். ஒரு தடவை வந்தால் போகாத விருந்தாளி அது. சத்தம் போடாமல் உள்ளேயே தங்கிவிடும். அதை எதிர்த்து உடம்பு செய்து வைக்கிற சரக்குதான் ஆன்டிபாடி. அது ரத்தத்தில் ரொம்பக் கூடியிருப்பவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. கூடியவர்களை மட்டும் ஜீப்பில் கீழே கூட்டிப்போய், இரைப்பைக்குள் டியூப் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பி செய்வார்கள். கூடினால் நோய் என்று அர்த்தமில்லை, குறைந்தால் நோய் இல்லை என்றும் அர்த்தமில்லை. இதை நான் ஊர் ஊராகத் தொண்டை வற்றச் சொன்னேன்.

யார் கேட்டார்கள்? ரிசல்ட் வந்தது. அந்த ஊரிலேயே பொன்னுசாமிக்குத்தான் நம்பர் அதிகம்.

"நம்மூர்ல நான்தான் முதலுங்களா?" என்று கேட்டார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய முகம்.

அன்றிலிருந்து மனிதர் மண்வெட்டியைத் தொடவில்லை. ஆன்டிபாடி கூடின உடம்பு வெயிலில் நிற்கக் கூடாதாம். நாட்டுக்கோழிச் சாறு குடிக்க வேண்டுமாம். இதையெல்லாம் நான் சொன்னதாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். காட்டில் குச்சிக் கிழங்கு என்கிற மரவள்ளி பிடுங்கியது, மாட்டைப் பார்த்தது, கோழி அடித்துச் சாறு வைத்தது எல்லாம் அவர் மனைவி செல்லம்மா. அவளுக்கு ஆன்டிபாடி ரொம்பக் குறைவு. வயிறு வலிக்கிறதா என்று ரத்தம் எடுத்த அன்றே கேட்டிருந்தேன்.

"எனக்கென்னங்க, கல்லத் தின்னாலும் செரிக்கும்" என்று சிரித்தாள். நானும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

இப்படி ராஜா போல இருந்தவரிடம், டியூப் வாய் வழியாகத்தான் போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதன் விளைவுதான் மரம்.

3. வெறும் வயிறு

கீழே நின்று கெஞ்சினேன், மிரட்டினேன். கடைசியில் சந்தேகம் வந்து கேட்டேன். "நேத்து ராத்திரியிலிருந்து வெறும் வயித்தோட இருக்கீங்கதானே?"

அவர் இன்னொரு கிளை மேலே ஏறிக்கொண்டார்.

"வெடியால ரெண்டு உருண்டை களி மட்டுந்தானுங்க. கூட கொஞ்சம் கோழிக் கொழம்பு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மரத்தையே உலுக்கியிருப்பேன். சாப்பிட்ட வயிற்றில் எண்டோஸ்கோப்பி செய்ய முடியாது. இவ்வளவு தூரம் வந்த வண்டி காலியாகத் திரும்ப வேண்டியதுதான். அப்போது அவருடைய துண்டும் டம்ளரும் வைத்த பையோடு பக்கத்தில் நின்ற செல்லம்மா மெதுவாகச் சொன்னாள்.

"நான் ஒண்ணும் சாப்புடலீங்க."

"அவருக்குத்தான் பட்டினி, உனக்கு எதுக்கு கண்ணு?"

"நேத்தும் சாப்புடலீங்க. ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குது. சித்திரை நோம்பியிலிருந்தே அப்படித்தான். கோழி வாசம் அடிச்சாலே ஒமட்டுது."

அப்போதுதான் அவளை ஒழுங்காகப் பார்த்தேன். ரவிக்கையின் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தாள். அவ்வளவு இளைத்திருந்தாள்.

"இதை ஏன் முன்னாலயே சொல்லல?"

"நீங்க வலிக்குதான்னு கேட்டீங்க. வலி இல்லீங்களே."

ஆராய்ச்சி டாக்டருக்குப் போன் போட்டேன். ஆன்டிபாடி குறைந்தவர்களுக்கு ஸ்டடியில் எண்டோஸ்கோப்பி கிடையாது என்று ஆரம்பித்தார். பிறகு நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். "ஸ்டடி கெடக்கட்டும் மேடம். சாப்பிட முடியல, இளைச்சிருக்காங்கன்னா அதுவே போதும். உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

செல்லம்மா ஜீப்பில் ஏறினாள். மரத்திலிருந்து குரல் வந்தது.

"ஏ புள்ள, நீ எங்க போற? உனக்குத்தான் நம்பரே இல்லையே!"

"நம்பர நீங்களே வெச்சுக்கங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க."

வண்டி கிளம்பியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடிவாரம் வரை விடவில்லை.

4. எல்லாம் கூட இருக்கிற ரத்தம்

சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய்தான். ஆனால் அறுத்து எடுத்துவிடக்கூடிய அளவில் இருந்தது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கஷ்டம் என்றார் சர்ஜன். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். இத்தனை வருஷ சர்வீஸில் அப்படி அழுததில்லை.

செல்லம்மாவைக் கூட்டிவந்த மறுநாளே முதல் பஸ்ஸில் பொன்னுசாமி வந்து சேர்ந்திருந்தார். அவரையும் விடவில்லை, டியூப் விட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் புண் இருந்தது. உட்கார்ந்து தின்ற கோழிக் குழம்பின் உபயம் என்பது என் கணிப்பு, டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றதும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"என் ரத்தத்துலதான் எல்லாங் கூட இருக்குதுன்னு சொன்னீங்களே. எத்தன வேணுமோ எடுத்துக்கங்க. அவ மட்டும் ஊட்டுக்கு வந்தாப் போதும்."

கூடியிருப்பதற்கும் ரத்தம் கொடுப்பதற்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கு விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டே கொடுத்தார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ரத்தத்தில் வரும் நம்பர், ஆயிரம் பேரை வைத்துக் கணக்குப் பார்க்க உதவும். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. வலிக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். நேற்று என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். வீட்டுக்கெல்லாம் ஆக்கிப் போடுகிறவளிடம் இன்னொரு தடவை கேளுங்கள்.

இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்த பிறகு செல்லம்மா வீடு திரும்பியிருந்தாள். அடுத்த சுற்றுக்கு ரத்தம் எடுக்கப் போனபோது அவளை அப்படித்தான் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் பொன்னுசாமி முந்திக்கொண்டார்.

"அஞ்சு வாட்டி சாப்புட்டாளுங்க. கொஞ்சங் கொஞ்சமா. நான்தான் ஆக்குனேன்."

"நல்லாருந்துச்சா கண்ணு?" என்று அவளைக் கேட்டேன்.

"உப்பு இல்லீங்க, ஒறப்பு இல்லீங்க, ஒரு மண்ணும் இல்லீங்க" என்றாள் செல்லம்மா. "ஆனாலும் பசிச்சுதுங்க."